ஒரு தட்டு மட்டும்

முதல் கடியை மென்று விழுங்கியதும் அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஏங்க, இன்னைக்கு அந்தக் கடைக்காரர் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம். அப்படி இருக்கு!”

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதைக் கேட்டதுமே பாதி வயிறு நிறைந்துவிட்டது. மனைவி சாப்பிடுவதைப் பார்ப்பதற்காகத்தான் காலையிலிருந்து இந்த நேரத்துக்குக் காத்திருந்தார்.

அதைக் கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். பஸ் நிலையத்துக்கு எதிரே, டயர்க் கடையை ஒட்டி ஒரு தகரக் கூரை. நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் உட்காரக் கூடாது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். சோள மாவில் உள்ளங்கை அகலத்துக்கு ரொட்டி சுட்டு, நடுவில் கறியை வைத்து, வெங்காயமும் மல்லித்தழையும் தூவி மடித்துக் கொடுப்பார் கடைக்காரர். டாக்கோ என்று பெயர். வாயில் நுழையாத காலத்தில் மெக்கானிக் அதை ‘மடிச்ச ரொட்டி’ என்றுதான் கேட்டு வாங்கினார்.

இந்த ஊருக்கு அவர்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஐந்து மணி நேரப் பயணம். பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

அக்கம்பக்கத்தில் கேட்டால், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்பாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை எந்த ஊருக்கும் கூட்டிப்போனதில்லை. அதற்கான குத்தல் அது. நன்றாகவே குத்தும்.

கடையைக் கண்டுபிடித்தது அவள்தான்.

மூன்றாவது தடவை வந்தபோது பஸ்ஸைக் கோட்டைவிட்டு மழையில் நின்றார்கள். பதினோரு நாளாக அவள் கஞ்சியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அந்தக் கஞ்சியிலும் முக்கால்வாசியைக் கொட்டத்தான் வேண்டியிருந்தது. அவள் பட்டினி கிடக்கும்போது அவருக்கு மட்டும் சோறு இறங்குமா? பெல்ட்டில் ஆணியை வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சாப்பிட ஆரம்பித்தால் தேறிவிடுவாள்.

அன்றைக்கு அந்த மழையில் அவளே அவர் கையைப் பிடித்துத் தகரக் கூரைக்கு இழுத்துப்போனாள். இரண்டு டாக்கோ சாப்பிட்டாள். முழுசாக.

அவர் எழுந்து டயர்க் கடைப் பக்கம் போய், அடுக்கி வைத்திருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நான்கு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு இது ஐந்தாவது தடவை. வீட்டில் இரண்டு வாய்க்கு மேல் போகாதவள் இங்கே வந்தால் தட்டைக் காலி செய்கிறாள். தான் வேலை பார்க்கும் கட்டடங்களில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அவர் இந்தக் கடையின் பெருமையை அளந்தார். ஊரில் பஸ் ஏறும்போதே அவருக்குப் பசி வந்துவிடும்.

தேறிவிடுவாள். இப்படி ருசித்துச் சாப்பிடுகிறவள் தேறாமல் எங்கே போவாள்?

அவர் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மருந்துக்குக்கூட உப்பு இல்லை. பஞ்சை மெல்வதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரி நெடியிலேயே உட்கார்ந்திருந்ததில் தன் நாக்குத்தான் மரத்துப்போய்விட்டதோ என்று நினைத்தார். எதிரே அவள் இரண்டாவதை எடுத்துவிட்டாள்.

அதற்குள் கடைக்காரர் கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

“மன்னிச்சிருங்க சார், கூட்டத்துல கறிக்கு உப்பு போடவே மறந்துட்டேன். குடுங்க, வேற போட்டுத் தரேன்.”

அவருடைய தட்டை மட்டும் எடுத்தார்.

மெக்கானிக், தன் மனைவியின் தட்டையும் கடைக்காரர் பக்கம் நகர்த்தினார்.

“அக்காவுக்கு எதுக்கு சார், அவங்களுக்குத்தான் உப்பு, உறைப்பு எதுவுமே...”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

மெக்கானிக்குக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் அவர் டயர்க் கடைப் பக்கம் நின்று சந்தோஷத்தில் அழுத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சொல்லியிருப்பாள். மருந்து ஏத்துனதுலேர்ந்து எனக்கு ருசியே தெரியலப்பா, மண்ணைத் தின்ற மாதிரி இருக்கு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே, நான் சாப்பிட்டாத்தான் அவர் சாப்பிடுவார் என்று.

பிறகு அவர் பார்க்க ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடியிருக்கிறாள்.

அவருக்கு அவள்மேல் கோபம் வந்தது. தேறிவிடுவாள் என்று இத்தனை நாள் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே பிடி கையைவிட்டுப் போய்விட்டது. இனி எதை நம்பிப் பஸ் ஏறுவது?

அவள் கையிலிருந்ததை வாயில் வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகும் அந்த மனிதர், கடைக்காரர் கையிலிருந்த தன் தட்டை வாங்கித் திரும்பவும் முன்னால் வைத்துக்கொண்டார்.

“இதுவே இருக்கட்டும்,” என்றார். “இன்னும் ரெண்டு கொண்டாங்க. இதே கறியில.”