இடுப்பா, கணுக்காலா?

"இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடி. கையை அப்படியே கீழே இறக்கு... இன்னும் கீழே" என்றார் போதகர் லோவெல், கண்ணை மூடிக்கொண்டு. விடுதி அறைக்கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் பாக்கி.

"ம்ஹூம், தட்டுப்படுது" என்று கையை உதறினாள் மார்னி. "வலது இடுப்புல செங்கல்லு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. முப்பது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன் லோவெல், உன் இடுப்பு இவ்வளவு கெட்டியா என்னைக்குமே இருந்ததில்ல."

போதகர் முனகிக்கொண்டே இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவினார். கட்டிலில் ஏற்கெனவே மூன்று உறைகள் கிடந்தன. முதுகில் செருகினால் நாற்காலியில் சாய முடியவில்லை. கணுக்காலில் கட்டினால், ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும் கால்சட்டை மேலேறி மானத்தை வாங்கியது. அக்குளில் மாட்டிக்கொண்டு ஆசீர்வாதத்துக்குக் கையை உயர்த்தினால், கோட்டு விலகி எல்லாம் அம்பலம்.

"ஒரு நாளைக்கு அந்தக் கருமத்த இங்கேயே விட்டுட்டுத்தான் போயேன்!"

"அது இல்லாம மேடை ஏறுனா நாக்கு ஒட்டிக்குதுடி. உனக்குத் தெரியாதா?"

தெரியும். மினசோட்டாவில் ஆராதனை நடுவில் ஒரு திருடன் நுழைந்து லோவெலின் நெற்றியில் துப்பாக்கியை வைத்தபோது, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அதன் பிறகு இடுப்பில் ஒன்று இல்லாமல் அவருக்குப் பிரசங்கம் வராது. கட்டிப்பிடித்த ஒரு அம்மாள் அதைக் கண்டுபிடித்து அலறியதில் அந்தச் சபை அவரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த சபையிலும் அதே கதை. ஒன்றரை வருஷமாகப் பாவம் மனுஷன் ஒரு கடையில் மெத்தை விற்றுக்கொண்டிருக்கிறார்.

இப்போது டெக்சஸின் இந்தச் சின்ன ஊர் கூப்பிட்டிருக்கிறது. ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும், முடிந்ததும் சபையார் ஓட்டுப் போடுவார்கள். இதுவும் போனால் சாகும்வரை மெத்தைதான்.

மார்னி கிண்டலை விட்டுவிட்டுக் கடைசிப் பையைப் பிரித்தாள். உள்ளே அகலமான எலாஸ்டிக் பட்டை, அதிலேயே உறையும் தைத்திருந்தது. அதை அடிவயிற்றில் சுற்றித் துப்பாக்கியைச் செருகியதும், லோவெலின் தொப்பை மேலிருந்து இறங்கி மொத்தத்தையும் மூடிக்கொண்டது.

"அங்க போய் வெடிச்சுத் தொலைஞ்சா?"

"நமக்குத்தான் ரெண்டு பிள்ளைங்க இருக்கே, போதும்."

உட்கார்ந்தார், எழுந்தார், முழங்கால் போட்டார். உறுத்தவே இல்லை. மார்னி மூன்று தரம் கட்டிப்பிடித்துத் துழாவிவிட்டுச் சிரித்தாள். "ஒண்ணுமே தெரியல. அந்த இடத்துல எந்தக் கிறிஸ்தவனும் கை வைக்க மாட்டான். பத்து வருஷமா இந்தத் தொப்பையைக் குறைடான்னு கத்துனேனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

தேவாலய வாசலில் சபை மூப்பர் ஹாய்ட் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். "எங்க சபையில கை குலுக்குறதெல்லாம் கிடையாது பாஸ்டர். கட்டிப்பிடிக்கிறதுதான்!"

லோவெல் தொப்பையை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு அணைப்புக்குள் போனார். ஹாய்டின் கை வலது இடுப்பைத் தட்டியது, இடது இடுப்பைத் தட்டியது, முதுகை நீவிவிட்டு விலகியது. பின்னால் வரிசையாக எண்பது பேருக்கு மேல். ஒருவர் விடாமல் அப்படியே அணைத்து, அப்படியே தட்டி, அப்படியே நீவினார்கள். அடேயப்பா, இவ்வளவு பாசக்காரர்களா என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது.

எர்லீன் என்கிற பாட்டியம்மாள் மட்டும் அவரை ரொம்ப நேரம் விடவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டு, "ஐயோ பாவம், தங்கமான மனுஷன்" என்று உதட்டைப் பிதுக்கினாள். லோவெலுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்குப் பிரசங்கம் பொளந்து கட்டினார். நாக்கு ஒட்டவில்லை, குரல் நடுங்கவில்லை. அன்பைப் பற்றி அவர் பேசப் பேச, மாடு மேய்க்கிற முரட்டு ஆட்களெல்லாம் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெயித்தாச்சு என்று மார்னி மனசுக்குள் துள்ளிக் குதித்தாள்.

உள்ளே ஓட்டெடுப்பு நடந்தபோது, இருவரும் பின்பக்கச் சமையலறையில் காப்பி குடித்தபடி காத்திருந்தார்கள். "சபை குடுக்குற வீட்டுக்குப் பின்னால தக்காளி போடலாம் லோவெல்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஹாய்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"மன்னிக்கணும் பாஸ்டர். ஒம்பது பேருதான் வேணும்னாங்க. மத்தவங்க எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க."

லோவெலின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. மாட்டிக்கொண்டோம், இங்கேயும் எவளோ கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்னிக்குப் பொறுக்கவில்லை. "பிரசங்கத்துல என்னங்க குறை? எல்லாரும் அழுதீங்களே, நான் பார்த்தேனே!"

"குறையா? இப்படி ஒரு பிரசங்கம் எங்க ஜென்மத்துல கேட்டதில்லம்மா." ஹாய்ட் தலையைச் சொறிந்தார். மனசில் இருந்ததைப் போட்டு உடைத்தார்.

"வாசல்லயே எல்லாரும் நல்லாத் தடவிப் பார்த்துட்டோம். ஒரு துப்பாக்கிகூட வச்சுக்காத பாஸ்டரை நம்பி, நாங்க எப்படிம்மா கண்ணை மூடி ஜெபம் பண்றது?"