தபால் முத்திரை வெட்டியவர்

தபால்காரர் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சொன்னதே காதில் நின்றது.

"போஸ்ட் ஆபீஸ் முத்திரையை வெளியாள் வெட்டினா அது கள்ள முத்திரை, அக்கா. பிடிச்சா ஜெயிலு. மொதல்ல அதைக் கிழிச்சுப் போடுங்க."

எந்த ரப்பர் ஸ்டாம்ப் வெட்டினாலும் முதல் பதிவைத் தாளில் குத்திக் கடைப் பலகையில் ஒட்டிவிடுவது அவள் கணவர் துரைக்கண்ணுவின் வழக்கம். வாடிக்கைக்காரர்கள் பார்க்கட்டும் என்று. தலைமையாசிரியர், பல் டாக்டர், பால் சங்கச் செயலாளர் முத்திரைகள். நட்டநடுவில், போன வாரம் குறும்படம் எடுக்கிற பையன்கள் கேட்டு வெட்டிய தபால் முத்திரை. ஊர்ப் பெயர், தேதி, எல்லாம் அச்சு அசல்.

பாவி மனுஷன். படத்துக்குத்தான் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?

நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

வாசலில் பைக் நின்றது. காக்கிச் சட்டை. ஏட்டய்யா.

மேசையில் கிடந்த கோயில் கமிட்டிச் சீட்டில் பசையை அப்பி, தபால் முத்திரையின் மேல் ஒட்டிவிட்டுத் திரும்பினாள்.

"ஸ்டேஷனுக்கு வட்டச் சீல் ஒண்ணு வேணும்மா. பொடி எழுத்து. கலங்காம விழுமா?"

"விழும் சார்."

சொல்லிவிட்டுப் போய்விட்டால் போதும், தெய்வமே.

அவர் போகவில்லை.

"போன தடவை வேற கடையில குடுத்து, எல்லாம் மொத்தையா விழுந்துச்சு." பலகையை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

டீ வாங்கப் போயிருந்த துரைக்கண்ணு அப்போதுதான் உள்ளே வந்தார்.

"பொடி எழுத்தா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!"

அவள் கண்ணைக் காட்டினாள். தலையை ஆட்டினாள். அந்த மனுஷன் இவள் பக்கம் திரும்பினால்தானே.

"இங்கதானே இருந்துச்சு... இதுமேல இதை யாரு ஒட்டினது?"

ஈரம் காயாத சீட்டை உரித்து எடுத்தார்.

"இப்பப் பாருங்க சார்."

ஏட்டய்யா குனிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெட்டினது யாரு?"

துரைக்கண்ணு நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். நான்தான் வெட்டினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

துரைக்கண்ணுவுக்கு முகம் சிவந்துவிட்டது. கட்டிய நாளிலிருந்து அவள் அவருக்கு இப்படி ஒரு துரோகம் செய்ததில்லை.

"இவளா? இவளுக்குக் கத்தியைப் பிடிக்கவே தெரியாது சார்!"