புளிக்கூடை இறங்கும் இடம்

பஸ் வந்து நின்றும் காந்தா ஏறவில்லை.

தலையில் புளிக்கூடை, வயிற்றில் ஆறு மாதம். இரண்டையும் சுமந்துகொண்டு படவேட்டுச் சந்தைக்கு நடந்தேதான் இறங்குவேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

மலைக்குப் பஸ் வந்ததிலிருந்து அந்தக் காட்டுவழியில் ஆள் நடமாட்டமே இல்லை. பஸ் எங்கெங்கோ சுற்றிக்கொண்டு போனாலும், உட்கார்ந்து போகிற சுகம் யாருக்குக் கசக்கும்?

ஜன்னலோரம் இடம் பிடித்திருந்த அவள் புருஷன் தீர்த்தகிரி தலையை நீட்டினான்.

"புள்ளத்தாச்சி அந்தக் கல்லாண்ட போவக் கூடாது காந்தா. சொன்னா கேளு, ஏறு."

"நீங்க போங்க. நான் நடந்தே வர்றேன்."

அவளிடம் அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

பாதி இறக்கத்தில் நிற்கிறது அந்தச் சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக்கல். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போன ஒருத்திக்காக நட்டது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைக்க வைக்க, செத்தவளின் பாரமும் இறங்கும் என்பார்கள்.

இப்போது யார் இறக்குகிறார்கள்? ஊர்ச் சுமையெல்லாம் பஸ் கூரையில் ஏறிக்கொண்டது. செத்தவள் மட்டும் அங்கேயே சுமந்தபடி நிற்கிறாள் என்ற நினைப்பு காந்தாவை விடவில்லை.

கர்ப்பிணி அந்தக் கல்லைத் தொட்டால் அவளுக்கும் அதே கதிதான் என்று ஊரே மிரட்டியிருந்தது. காந்தாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. வழியெல்லாம் பயந்துகொண்டுதான் வந்தாள். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

கல்லை நெருங்கியதும் கை தானாக வயிற்றைத் தடவியது. பிறகு கூடையைப் பலகைக்கல்லின் மேல் நகர்த்தி வைத்தாள். கழுத்து லேசானது.

அந்தக் கல்லை நட்டவன் தீர்த்தகிரி. காந்தாவைக் கட்டுவதற்கு முந்தின வருஷம், தன் முதல் பெண்டாட்டி வெள்ளையம்மாளுக்காக நட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேரை யாரும் எடுத்ததில்லை.

"அக்கா, என்னோடத நான் சொமந்துக்கிறேன். நீ உன்னோடத எறக்கி வெச்சிடு."

சொல்லிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சந்தை எங்கேயும் ஓடிப்போய்விடாது.