கழற்றிய கண்ணாடி

மேடை விளக்கு நேரே முகத்தில் அடிக்கிறது. வக்கீல் தொழிலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மைக்கைப் பிடித்து ஊரைச் சிரிக்கவைக்க வந்தவளுக்கு, முன்வரிசையில் இருப்பது யார் என்று இப்போதுதான் தெரிகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி, பக்கத்தில் அவர் மகள். இவள் சொல்லிக்கொண்டிருப்பதோ அவர் கதை. பாதியில் விழுங்கவும் வழியில்லை. “அந்த ஜட்ஜ் ‘போதும், உக்காருங்க’ன்னு வாயால சொல்லவே மாட்டாரு. மூக்குக்கண்ணாடியக் கழட்டுவாரு. கழட்டிட்டா வக்கீல் உக்காந்துடணும். அந்தக் கண்ணாடி மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருந்திருந்தா, என் கட்சிக்காரங்க பாதிப் பேர் இன்னிக்கு வெளிய இருப்பாங்க.” அரங்கம் குலுங்குகிறது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. கை மெல்ல மேலே போகிறது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைக்கிறார். அவ்வளவுதான், இவளுடைய பாழாய்ப்போன முழங்கால் தானாக மடிகிறது. ஒரு கை பின்னால் நாற்காலியைத் துழாவுகிறது. மேடையில் நாற்காலி இல்லை. நடிக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகச் சிரிக்கிறது. கடைசி வழக்கிலும் இப்படித்தான் உட்கார்ந்தாள். கட்சிக்காரன் தரப்பில் சொல்ல இன்னும் பாதி பாக்கியிருந்தது. கூண்டில் நின்றவன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு ஓய்கிறது. மகள் அவர் முழங்கையைத் தொடுகிறாள், அவர் அசையவில்லை. இவள் மடிந்த காலை நிமிர்த்திக்கொண்டு, அவர் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள்: “ஐயா, நான் இன்னும் முடிக்கலீங்க.”