மங்கலான படம்

"அண்ணன் இருக்கற நிலைமைல இந்த டிவி இப்ப ரொம்ப அவசியமா அண்ணி?"

தங்கை செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள். கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு புது எச்.டி. டிவி தொங்கியது.

"பழசுல எழுத்தே தெரியலம்மா. உட்காரு" என்றாள் அண்ணி. தரையில் ஒயர்களைப் பரப்பி வைத்திருந்தாள்.

"மூணு கடை ஏறி இறங்கினீங்களாமே. பின்னாடி ஒயர் மாட்டற ஓட்டை அதிகமா இருக்கறதாக் குடுங்கன்னு கேட்டீங்களாம். படத்தை முன்னாடிதானே பாக்கணும்?"

அண்ணி ஒரு ஒயரின் சிக்கலைப் பிரித்தாள்.

கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் தங்கையைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பக்கவாதம் வந்து மூன்று மாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் குழறும். மில்லில் தலைமை எலெக்ட்ரீஷியனாக இருந்து நாலு பேரை அதட்டி வேலை வாங்கிய குரல். அது குழறுவதைத் தன் காதால் கேட்கப் பிடிக்காமல் வாயையே மூடிக்கொண்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

அண்ணி மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை எடுத்து செட்டாப் பாக்ஸிலும் டிவியிலும் மாட்டினாள். படம் வந்தது. முகங்கள் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கித் தெரிந்தன.

"இதுக்கா இவ்வளவு பெரிய டிவி?" என்றாள் தங்கை.

அண்ணனின் புருவம் சுருங்கியது. இடது கையை நீட்டிக் காட்டினார்.

"எதுங்க? இதுவா?" அண்ணி கரண்ட் ஒயரைத் தூக்கிக் காட்டினாள்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு முன்னாடி கிடக்கு அண்ணி, படம் தெளிவா வர்ற எச்.டி.எம்.ஐ. ஒயரு. தள்ளுங்க, நான் மாட்டறேன்."

"நீ சும்மா இரு."

அண்ணி அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"க... கறுப்பு" என்றார் அண்ணன். நெற்றியில் வியர்த்திருந்தது.

அண்ணி கறுப்பு ஒயரை எடுத்து இரண்டாவது ஓட்டையில் செருகினாள். ரிமோட்டில் ஒன்றாம் ஓட்டைக்கான பட்டனை அமுக்கினாள். திரை இருட்டாகவே இருந்தது.

"வரலையேங்க."

"ரெ... ரெண்டுல மாட்டிட்டு... ஒண்ணை... அமுக்கற. அறிவு... இருக்கா உனக்கு?"

"இல்லதான். எதை அமுக்கணும்? இன்னொரு தடவை சொல்லுங்க."

நோயாளியைப் போட்டு இப்படியா படுத்துவது? தங்கை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே கிடந்த டிவி அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த மெக்கானிக்கின் நம்பரை அழைத்தாள்.

"டிவியைச் சுவத்துல தொங்கவிட்டதோட கிளம்பிட்டீங்களே, ஒயர் எல்லாம் யார் மாட்டுவா? இங்க ஒண்ணும் தெரியாதவங்க உடம்பு முடியாதவரை வதைக்கறாங்க. உடனே வாங்க."

எந்த வீடு என்று விசாரித்துக்கொண்டு மெக்கானிக் சொன்னார். "நேத்தே எல்லாம் மாட்டிட்டேனே மேடம். சார் அவர் மகன்கூட ஆஸ்பத்திரி போயிருந்த நேரமாப் பாத்து அந்தம்மா வரச் சொன்னாங்க. படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. அப்புறம் அவங்களே எல்லாத்தையும் கழட்டி, சரியா மாட்டிப் பாத்து, திரும்பவும் கழட்டிப் போட்டுட்டாங்க."

"எதுக்கு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அவர் என்னைத் திட்டி மூணு மாசமாச்சு தம்பி'ன்னாங்க."