பீரங்கி மேட்டில் கணக்கு டீச்சர்

"பூவை இந்தப் பக்கம் வைங்க மேடம். கடல்ல போடக் கூடாது" என்றார் வழிகாட்டி.

கணக்கு டீச்சர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு, கடலைப் பார்த்த கைப்பிடிச் சுவரை நோக்கி நடந்தாள். டப்பா நிறைய வெள்ளைப் பூ. காலையில் காரில் ஏறியதிலிருந்து அதை மடியை விட்டு இறக்கவில்லை.

லீவுக்குக் கடற்கரைச் சாலையில் கார் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் மூன்று டீச்சர்கள். வழியெல்லாம் பழைய போரின் மிச்சங்கள். பதுங்கு குழி, கண்காணிப்புக் கோபுரம், பெயர் பொறித்த சுவர் என்று எல்லா இடத்திலும் கணக்கு டீச்சர் சமர்த்தாகத்தான் இருந்தாள். இந்தப் பீரங்கி மேட்டுக்கு வந்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது.

வழிகாட்டி சற்று முன்புதான் கதையை மூச்சு முட்டச் சொல்லி முடித்திருந்தார். "இருட்டுல வருது எதிரிக் கப்பல். இந்தப் பீரங்கி, ஒரே குண்டு! ஒருத்தன்கூடக் கரை சேரல!" கூட்டம் கை தட்டியது.

சுட்ட வீரரின் இளவயதுப் புகைப்படம் பீரங்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. "எத்தனை விழாவுக்குக் கூப்பிட்டோம், ஒரு தடவைகூட வரமாட்டேன்னுட்டாரு. தற்பெருமை இல்லாத மனுஷன்" என்றார் வழிகாட்டி. அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். பீரங்கியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளத் தள்ளுமுள்ளு வேறு.

இப்போது வழிகாட்டி கணக்கு டீச்சரின் பின்னாலேயே ஓடி வந்தார். "கடல்ல யாருக்கு மேடம் பூ?"

"அந்தக் கப்பல்ல இருந்தவங்களுக்கு!"

மேடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெதுவாகப் பேசுவது அவளுக்கு எப்போதுமே வராது. ஸ்டாஃப் ரூமில் கேலி செய்தால், "எங்க வீட்ல இப்படிப் பேசினாத்தான் காதுல விழும்" என்று சிரிப்பாள்.

"எதிரிக்குப் பூவா? எந்த ஊர்க்காரிம்மா நீ?" என்று தொப்பிக்காரர் ஒருவர் எகிறினார். படம் எடுத்து முடித்தவர்களுக்கு வீராவேசம் வந்துவிட்டது. "வெளிய அனுப்புங்க அந்தம்மாவை!" என்று நாலைந்து குரல்கள் சேர்ந்தன.

பி.டி. டீச்சர் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். "மானத்தை வாங்காதீங்க டீச்சர். அந்தப் போட்டோவுக்குக் கீழ வச்சுட்டு வாங்க, கிளம்பலாம்."

"விடுங்க டீச்சர். இதுக்காகத்தான் இந்த டூருக்கே வந்தேன். போடாம இறங்க மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி."

டிராயிங் டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் யாரென்றே தெரியாமல் போய்விட்டதா? "அந்தக் கப்பல்ல உங்க சொந்தக்காரங்க யாராவது இருந்தாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கணக்கு டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள் எல்லோரும்.

வழிகாட்டி குறுக்கே கையை நீட்டி மறித்தார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் டப்பாவைக் கவிழ்த்தாள். காற்று பாதிப் பூவைத் திருப்பி அவள் மேலேயே கொட்டியது. அத்தனை பேர் முறைப்புக்கும் நடுவில் நிதானமாகக் குனிந்து, ஒன்று விடாமல் பொறுக்கி, மறுபடியும் கடலில் போட்டாள்.

வழிகாட்டி புகைப்படத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"இவர் மட்டும் இதைப் பார்த்தா உங்களை என்ன சொல்லுவாரு தெரியுமா?"

கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகைப்படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, வழிகாட்டியை நேராகப் பார்த்தாள்.

"அப்பாதான் போட்டுட்டு வரச் சொன்னாரு."