கம்பெனி பிளேட்

பழைய வண்டிகளுக்கான போட்டியில் மாமாவின் பிக்கப்பை நடுவர் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் தடவினார், கதவைத் திறந்து மூடினார், பம்பரின் முன் குனிந்து பார்த்தார்.

“அறுபது வருஷ வண்டி. எல்லாத்தையும் ஒரிஜினலாவே வெச்சிருக்கீங்களே” என்றார்.

மாமா அடக்கமாகத் தலையாட்டினார். துணைக்கு வந்திருந்த மச்சினனுக்குத்தான் பெருமை பிடிபடவில்லை.

அப்போது, கதவோரத்தில் வண்டியின் எண் பொறித்த கம்பெனி பிளேட் நடுவரின் கண்ணில் பட்டது. அது கண்ணாடி மாதிரி மின்னியது.

“இது எப்ப அடிச்சது?”

“போன வாரங்க. ரொம்ப நாளா வண்டியில பிளேட்டே இல்ல.”

“நெனச்சேன். பார்த்தாலே டூப்ளிகேட்னு தெரியுது. இதனால முதல் பரிசு கை நழுவிப் போச்சே.”

மாமா ஒரு கும்பிடு போட்டார். இரண்டாம் பரிசுக் கோப்பையை மடியில் வைத்து வண்டியைக் கிளப்பியவர், வழி நெடுக வாயெல்லாம் பல்லாக வந்தார். மச்சினனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு டூப்ளிகேட் பிளேட்டால பரிசு போச்சு. உங்களுக்குச் சிரிப்பு வருதா மாமா?”

“யாருடா டூப்ளிகேட்னது? பழைய கதவை இரும்புக்குப் போடத் தூக்கறப்ப உள்ளேருந்து விழுந்த பிளேட்டு அது. உங்கக்கா தேய்ச்ச தேய்ப்புல அப்படி மின்னுது. போன வாரம் நான் அடிச்சது அதை மாட்டுற ஆணியை மட்டுந்தான். வெளியில தெரியுறதுல கம்பெனிது அது ஒண்ணுதான்.”

“அப்ப கதவு, பானெட்டு, பம்பரெல்லாம்?”

“துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு. வெறும் தகடு வாங்கி, நம்ம வீட்டுக் கொல்லையில உட்கார்ந்து இந்தக் கையால தட்டினேன்” என்ற மாமா, கோப்பையை ஒரு தட்டு தட்டினார். “அதைப் பார்த்துட்டுத்தான் அந்த மனுஷன் ஒரிஜினல்னாரு.”